காழும் கண்ணியும்: பார்வைப் பறவைக்கான முளைக்கோல் – மேல்பட்டாம்பாக்கம் வட்டாரக் களச்சான்றுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பறவையைக் காட்டிப் பிற பறவைகளைப் பிடிக்கும் வேட்டைமுறை தமிழகத்தில் சங்க காலம் முதல் வழங்கிவந்துள்ளது. பழகிய அப்பறவையைப் பழந்தமிழ் ‘பார்வை’ என்று குறிக்கிறது. அதனை நிலத்தில் நிறுத்திவைத்த கோலைப் பற்றி ஆய்வாளர்கள் பெரிதும் கருதவில்லை. நற்றிணை 312ஆம் பாடலில் வரும் ‘காழ்’ என்னும் சொல்லை அடிப்படையாகக் கொண்டு, கடலூர் மாவட்டம் மேல்பட்டாம்பாக்கம் வட்டாரத்தில் திரட்டிய வாய்மொழிச் சான்றுகளின் துணையுடன், அக்கோலின் வடிவத்தையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பார்வை, காழ், முளைக்கோல், கண்ணி, கௌதாரி, நற்றிணை, மேல்பட்டாம்பாக்கம்.

முன்னுரை

வேட்டை பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் வில், அம்பு, வேல், வலை, நாய் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. இவை பாடல்களில் மிகுதியாகப் பேசப்படுவதும், இரும்பாலான சில கருவிகள் அகழாய்வுகளில் கிடைப்பதும் இதற்குக் காரணமாகலாம். சாண் அளவுள்ள ஒரு மரக்குச்சி எவ்வகைச் சான்றையும் விட்டுச்செல்வதில்லை. அது மண்ணில் குத்தப்படுகிறது, பிடுங்கப்படுகிறது, ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடுகிறது. ஆயினும் பறவை வேட்டையில் அக்குச்சி பிடி கொடுக்காவிட்டால் ஏனைய கருவிகளால் பயனில்லை. கண்ணியில் விழுந்த பறவை குச்சியோடு பறந்துவிடும். பார்வைப் பறவையும், அதைப் பழக்கச் செலவிட்ட மாதங்களும் அத்துடன் போய்விடும்.

வாய்மொழிச் சான்றுகள், தென்பெண்ணைக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் சுற்றுப்புறத்தில் முதியவர் இருவரிடம் திரட்டப்பட்டவை. இன்று சட்டப்படி குற்றமாகும் ஒரு தொழிலை அவர்கள் நினைவுகூர்கின்றனர். ஆதலின் அவர்களின் பெயர், குடி, குடியிருப்பு ஆகியவை தரப்படவில்லை. செய்முறை விளக்கத்திற்குக் கோலும் கயிறும் மட்டுமே பயன்பட்டன. பறவை எதுவும் ஈடுபடுத்தப்படவில்லை.

பார்வை என்னும் சொல்

‘பார்வை’ என்பதற்கு, விலங்கு பறவை முதலியவற்றைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைக்கும் விலங்கு அல்லது பறவை என்னும் பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தருகிறது. இப்பொருளில் சங்க நூல்களில் அச்சொல் மானுக்கும் பறவைக்கும் வழங்குகிறது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு வருணிக்கப்படுமிடத்தில், முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டப்பட்டிருக்கிறது. அம்மரத்தின் அடி தேய்ந்திருப்பதாகப் புலவர் குறிப்பிடுகிறார். இக்குறிப்பு கருதத்தக்கது. ஒருநாள் கட்டிய கயிற்றால் மரம் தேயாது. ஆண்டுக்கணக்கில், ஒரு மானுக்குப் பின் மற்றொரு மானாகக் கட்டப்பட்டிருந்தாலே அடிமரம் அவ்வாறு ஆகும். பார்வை வைத்தல் எயினர் வீட்டில் அன்றாட வழக்கமாக இருந்தது என்பதற்கு அத்தேய்வே சான்று.

புறநானூற்று 320ஆம் பாடலில் வீரை வெளியனார் காட்டும் முற்றத்தில் வேட்டுவன் உறங்குகிறான். அவன் பழக்கிய பார்வைப் பிணையோடு காட்டுக்கலை ஒன்று வந்து விளையாடுகிறது. கணவன் விழித்துவிடுவானோ, கலை பிணையை விட்டு அகன்றுவிடுமோ என்று அஞ்சி மனைவி அசையாமல் இருக்கிறாள். அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு, மான்தோலில் உலரவைத்த தினையைக் கானக்கோழியும் இதலும் தின்கின்றன. இதல் என்பது கௌதாரி அல்லது காடை எனக் கொள்ளப்படும். பார்வை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, வேட்டுவனோ உறங்குகிறான் என்பதில் ஒரு மெல்லிய நகைச்சுவையும் உண்டு.

பறவைப் பார்வைக்குத் தெளிவான சான்று நற்றிணை 312. இதனைப் பாடியவர் கழார்க் கீரன் எயிற்றியார். எயிற்றி என்பது எயினர் குடிப் பெண்ணைக் குறிக்கும் சொல். வேட்டுவக் குடியோடு தொடர்புடைய பெயர் கொண்ட பெண்பாற் புலவர் ஒருவரிடமிருந்து இச்சான்று கிடைப்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலாது. தலைவன் தன் நெஞ்சொடு பேசும் பாலைத் திணைப் பாட்டு இது. மழைக்காலத்து மையிருள் நள்ளிரவு. பனி படிந்த ஈங்கைப் புதரின் தளிர் தன்மேல் வருட, வெண்குருகு ஒன்று சிறகைக் குவித்துத் துன்புற்றிருக்கிறது. அது வேட்டுவனின் பார்வைப் பறவை. அவன் அதன் ‘காழ்’ களைந்து அருளுகிறான். அத்தகைய குளிர்க்காலத்தில் தன்னைப் பிரிந்தால் தலைவி என்னாவாள் என்பது தலைவனின் கவலை.

காழ்: கோலா, கயிறா

காழ் என்பதன் அடிப்படைப் பொருள் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதி. அதிலிருந்து கோல், கழி, கம்பி ஆகிய பொருள்கள் கிளைத்தன. முல்லைப்பாட்டின் பாசறையில் திரைச்சீலையைத் தாங்கும் நெடுங்கோல் காழ் எனப்படுகிறது. பொருநராற்றுப்படையில் இறைச்சியைக் கோத்துச் சுடும் இரும்புக் கம்பியும் காழ்தான். மறுபுறம், மணி கோத்த வடத்துக்கும் அச்சொல் வழங்குகிறது. திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் இடையில் அணிந்த காசு கோத்த வடம் காழ் எனப்படும். ஆகவே நற்றிணைப் பாடலில் அதனைக் காற்கயிறு எனக் கொள்ளவும், நிலத்தில் குத்திய கோல் எனக் கொள்ளவும் இடமிருக்கிறது.

உடன்வரும் வினையைக் கொண்டு இதைத் தீர்க்க முடியுமா? களைதல் என்பது நெல்வயலில் களை பறிப்பதைப் போலப் பிடுங்கி நீக்குவதைக் குறிக்கும். அணிகலனை, ஆடையை நீக்குவதற்கும் அது வரும். கயிற்றுக்கு இயல்பான வினை ‘அவிழ்த்தல்’. இந்த வேறுபாடு கோல் என்னும் பொருளின் பக்கம் சாய்கிறது என்பது கட்டுரையாளர் கருத்து. எனினும் சொல்லாராய்ச்சியை மட்டும் கொண்டு இதனை முடிவுசெய்வது பொருந்தாது. வடத்தையும் களையலாம் என்று ஒருவர் மறுக்கக்கூடும். அம்மறுப்பில் பிழையில்லை.

தமிழில் கட்டும் கோலுக்கான சொற்கள் கட்டப்படும் உயிருக்கு ஏற்ப மாறுகின்றன. யானைக்குக் கந்து, வெளில். மாட்டுக்குத் தறி. மேயவிட்ட ஆட்டுக்கு முளை. கடலூர் வட்டாரத்தில் இன்றும் ஆட்டை ‘முளையடித்துக் கட்டு’ என்றே சொல்கிறார்கள். பறவைக்கு மட்டும் தனிச்சொல் இல்லாமல் இருந்திருக்குமா? இவ்வரிசையில் காழ் அந்த இடத்தை நிரப்புகிறது எனக் கருத இடமுண்டு.

ஈங்கைப் புதரின் அருகே

பாடலில் ஈங்கைத் தளிர் குருகை வருடுகிறது என்ற செய்தியை இயற்கை வருணனையாக மட்டும் படித்துக் கடந்துவிடலாம். வேட்டைத் தொழிலின் கண்கொண்டு பார்த்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. திருக்குறள் கூடாவொழுக்க அதிகாரத்தில் (274), தவவேடத்துள் மறைந்து தீயன செய்வதற்கு உவமையாக, புதரில் மறைந்து நின்று பறவையைச் சிமிழ்க்கும் வேட்டுவன் வருகிறான். சிமிழ்த்தல் என்பதற்குப் பிணித்தல் என்று பொருள். வேட்டுவனுக்குப் புதர் வேண்டும். அவன் கையெட்டும் தொலைவில் பார்வை நிற்கவேண்டும். வெண்குருகு நீர்விளிம்பில் வெளியில் நிற்கும் பறவை. முள்ளடர்ந்த ஈங்கையைத் தானாக நாடி வந்து ஒண்டும் இயல்பு அதற்கில்லை. தளிர் உரசும் அளவுக்கு அது புதரை ஒட்டி இருக்கிறது என்றால், வேட்டுவன் தன் மறைவிடத்தை ஒட்டியே காழைக் குத்தியிருக்கிறான் என்று பொருள். தளிர் உரசியும் குருகு விலகவில்லை. ஆகவே கயிறு மிகக் குறுகியது. குறளும் நற்றிணையும் காலத்தாலும் நோக்காலும் வேறுபட்டவை. ஆனால் இரண்டிலும் உள்ள வேட்டைக்களம் ஒன்றே.

மேல்பட்டாம்பாக்கம் வட்டாரத்து முளைக்கோல்

இவ்வட்டாரத்தில் பார்வை வைத்துப் பிடிக்கப்பட்ட பறவைகளுள் முதன்மையானது கௌதாரி. அதன் அறிவியல் பெயரின் பிற்பகுதி ‘பாண்டிசெரியானஸ்’ என்பது. பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூலில் புதுச்சேரிக் கௌதாரி என விவரித்த இப்பறவைக்கு 1789இல் கிமெலின் அப்பெயரைச் சூட்டினார். உலகப் பறவையியலுக்குக் கௌதாரி அறிமுகமானது மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அரைநாள் நடைத்தொலைவில் உள்ள நிலத்திலிருந்து என்பது இவ்வூரார் பலர் அறியாத செய்தி.

ஆண் கௌதாரி தன் எல்லைக்குள் மற்றோர் ஆண் கூவுவதைப் பொறுக்காது. பழக்கிய ஆணை மூங்கில் கூண்டில் வைத்து, கரும்பு வயலோரத்திலோ வரப்பிலோ விடியற்காலையில் வைப்பார்கள். கூண்டைச் சுற்றிக் குச்சிகளை வரிசையாகக் குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணியைத் தொங்கவிடுவார்கள். முற்காலத்தில் குதிரைவால் மயிர், பின்னர் நைலான் நரம்பு. சண்டைக்கு ஓடிவரும் காட்டுக்கௌதாரி கூண்டை நெருங்குவதற்குள் கழுத்தோ காலோ கண்ணியில் சிக்கும். கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளுக்குக் கூண்டு பயன்படாது. அவற்றை ஈரநிலத்தில் கோலில் கட்டித் திறந்தவெளியில் நிறுத்துவதே முறை. நற்றிணை காட்டுவதும் இதுவே.

ஆகவே கோல் இருவகைப்படும். கண்ணியைத் தாங்கும் குச்சி ஒரு வகை. பார்வையைத் தாங்கும் முளை மற்றொரு வகை. முன்னது சாண் நீளம், சுண்டுவிரல் பருமன். பின்னது முழ நீளம், கட்டைவிரல் பருமன். இரண்டும் வீட்டிலேயே செய்யப்பட்டவை. பனைமட்டையின் கருக்கை நீக்கிவிட்டு வெளிப்புற வைரப்பகுதியை மட்டும் பிளந்தெடுப்பது பழைய முறை. உள்ளே இருக்கும் நார்ச்சோறு ஈரத்தை உறிஞ்சி ஊதும் என்பதால் அதைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள். வைரம் மட்டுமே மிஞ்சும் இக்கோலைப் பார்க்கையில் ‘காழ்’ என்னும் சொல் நினைவுக்கு வராமல் இருக்காது. பிற்காலத்தில் இம்மாவட்டக் கடலோரங்களில் மிகுதியாகப் பயிரான சவுக்கின் கிளைகளும், சைக்கிள் சக்கரக் கம்பிகளும் பயன்பட்டன. கம்பி எளிதில் இறங்கும், எளிதில் வந்தும் விடும் என்பதால் முதியவர்கள் அதை மதிக்கவில்லை.

முனையைச் சீவியபின் தணலில் வாட்டுவார்கள். கருகவிடக் கூடாது, நிறம் மாறினால் போதும். தலையிலிருந்து இரு விரல் கீழே ஒரு வெட்டுவாய் இடப்படும். கயிறு அதில் அமர்ந்து மேலே நழுவாது. பின்னர்க் கோல் முழுவதும் சேறு பூசி உலர்த்தப்படும். புதிதாகச் சீவிய மரத்தின் வெண்மை பறவையின் கண்ணுக்கு உடனே படும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

பார்வைமுளையில் ஒரு நுட்பம் கூடுதலாக உண்டு. கட்டிய பறவை கோலைச் சுற்றிச் சுற்றி நடக்கும். கயிறு கோலில் சுற்றிக்கொண்டு குறுகிக்கொண்டே போகும். முடிவில் பறவை கோலோடு இறுகி, கால் முறியும். இதைத் தவிர்க்க, வெட்டுவாயில் கயிற்றை நேராகக் கட்டாமல், தளர்வாகச் சுழலும் ஒரு வளையத்தை மாட்டி, கயிற்றை அவ்வளையத்தில் கட்டுவார்கள். பனைநாரைத் திரித்துச் செய்த வளையத்தைத் தம் தந்தை பயன்படுத்தியதாகவும், தாம் பழைய சாவிக்கொத்து வளையத்தைப் பயன்படுத்தியதாகவும் ஒருவர் கூறினார்.

கோலைக் குத்தும் கோணம் பற்றி இருவரும் ஒரே கருத்தினர். “நேரா அடிச்ச குச்சி நேரா வந்துடும் தம்பி. பறவ எந்தப் பக்கம் இழுக்குமோ அதுக்கு எதிர்ப்பக்கம் தல சாஞ்சிருக்கணும்” என்பது அவர்களுள் மூத்தவரின் சொற்கள். கூடாரம் அடிப்போர் அறிந்த அதே விதி இது. சாய்ந்த கோலை இழுக்கும்போது அதன் உடல் முழுவதும் மண்ணை அழுத்துகிறது. நேர்க்கோலை மேல்நோக்கி இழுக்கும்போது மண்ணின் உராய்வு மட்டுமே தடுக்கிறது. கட்டுரையாளர் ஏரிக்கரைக் களிமண்ணிலும் கெடிலத்து ஆற்றுமணலிலும் இதனைச் செய்து பார்த்தார். களியில் முழக்கோல் நன்றாகப் பிடிக்கிறது. மணலில் அதே கோல் சாய்த்துக் குத்தினாலும் கையோடு வந்துவிடுகிறது. மணற்பாங்கில் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, கோலைக் குறுக்காகப் படுக்கவைத்துப் புதைத்து, நடுவில் கயிறு கட்டி, மேலே மண்ணை மிதித்துவிடுவோம் என்றார் மூத்தவர். அதைக் கேட்கும்வரை கோல் என்றால் நிற்பது என்றே கட்டுரையாளர் எண்ணியிருந்தார்.

இத்தொழிலைக் குருவிக்காரர் அல்லது நரிக்குறவர் என்னும் ஒரு சமூகத்தோடு மட்டும் இணைத்துப் பேசுவது பொதுவழக்கு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் என்னும் தொகுதிகளும் குருவிக்காரரைப் பறவை பிடிப்போராகவே அறிமுகப்படுத்துகின்றன. அவர்கள் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி என்பதை விளக்கும் சீனிவாச வர்மாவின் நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970இல் வெளியிட்டது. வடக்கிலிருந்து வந்தேறிய ஒரு சமூகத்தின் தொழிலாக மட்டும் பார்வை வேட்டையைக் காண்பது, சங்க இலக்கிய எயினரை மறந்துவிடுவதாகும். மேல்பட்டாம்பாக்கம் வட்டாரத்திலும் உழவுக்கூலிக் குடும்பங்கள் பல கௌதாரி பிடித்துள்ளன என்பது களத்தில் தெரியவந்தது. குற்றம் என்று வரும்போது மட்டும் ஒரு சமூகத்தின் பெயரே முன்னே வருகிறது.

மரப்பறவையும் உயிர்ப்பறவையும்

எகிப்தின் தீப்ஸ் நகரத்து நெபாமுன் கல்லறை ஓவியத்தில் (ஏறத்தாழ கி.மு. 1350) பறவை வேட்டையாடுபவன் ஒரு கையில் நாரைகளைப் பிடித்திருக்கிறான். அவை ஈர்ப்புப் பறவைகள் என்பர். அங்குக் கோல் இல்லை, கையே கோல். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து லவ்லாக் குகையில் 1924இல், கோரையால் முடைந்த வாத்துருவங்கள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடையவை. அந்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் உள்ளான் வகைப் பறவைகளை மரத்தில் செதுக்கி, வயிற்றில் கோல் செருகிச் சேற்றில் நட்டுவைத்தனர். 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டம் அத்தகைய வேட்டையை ஒடுக்கியது. 1935இல் உயிருள்ள ஈர்ப்புப் பறவைகளுக்கும் அங்குத் தடை வந்தது. செதுக்கிய மரப்பறவைகள் இன்று அங்குள்ள அருங்காட்சியகங்களில் கலைப்பொருள்களாக வீற்றிருக்கின்றன.

நம்மிடம் அவ்வாறு எதுவும் எஞ்சவில்லை. பார்வை உயிருள்ளதாக இருந்தமையால் அது இறந்தது. கோல் மரமாக இருந்தமையால் மக்கியது. எஞ்சியவை பாடல்களும் சில முதியவர்களின் கைப்பழக்கமும் மட்டுமே. இம்முறையின் கொடுமையையும் மறைப்பதற்கில்லை. கொக்கு, மடையான் ஆகியவற்றின் இமைகளைத் தைத்துப் பார்வையாக நிறுத்தும் வழக்கம் இந்தியாவின் சில பகுதிகளில் இருந்துள்ளது. பார்வை பறிக்கப்பட்ட பறவைக்குப் பார்வை என்று பெயர். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைத்தலையும் பொறி வைத்தலையும், அவற்றுக்கான முயற்சியையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது. அச்சட்டம் வேண்டாம் என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வேட்டை மறையட்டும். ஆனால் அதனோடு, ஒரு சங்கப் பாடலைப் படிப்பதற்கு வேண்டிய அறிவும் மறைகிறது.

மீண்டும் நற்றிணைக்கு

அந்த அறிவு எத்தகையது என்பதற்குக் களப்பணியின் இறுதிநாளில் கிடைத்த ஒரு செய்தியைக் குறிப்பிடவேண்டும். பொழுது சாய்ந்தபின் பார்வைப் பறவையை எப்படி எடுப்பீர்கள், கயிற்றை அவிழ்த்தா என்று கேட்கப்பட்டது. மூத்தவர் சிரித்தார். “நனைஞ்ச நார்முடிச்ச இருட்டுல எவன் அவுப்பான் தம்பி? முளையப் புடுங்கிக் கயித்தோட சுருட்டி, பறவையக் கக்கத்துல வச்சிக்கிட்டு வந்துர்றதுதான்” என்றார்.

ஈரத்தில் நார்க்கயிறு ஊதி முடிச்சு இறுகும். விரல் விறைக்கும் குளிரில் அதை அவிழ்க்க இயலாது. நள்ளிரவு, மழைக்காலம், பனி என்று எயிற்றியார் அடுக்கும் சூழலில் வேட்டுவன் செய்யக்கூடியது ஒன்றே: கோலைப் பிடுங்குவது. காழ் என்பதற்குக் கோல் என்ற பொருளும், களைதல் என்ற வினையும் இங்கு ஒன்றோடொன்று இயைகின்றன.

இப்பொருள் ஏற்கப்படின் பாட்டின் அருள் பற்றிய நம் கருத்தும் சற்று மாறும். கயிற்றை அவிழ்த்திருந்தால் குருகு விடுதலை பெற்றது எனலாம். கோலை மட்டும் பிடுங்கியிருந்தால் கயிறு இன்னும் காலில் இருக்கிறது. வேட்டுவன் அதைப் பனியிலிருந்து எடுத்துத் தன் குடிலுக்குள் கொண்டுபோகிறான். மறுநாள் அது மீண்டும் பார்வையாக நிற்கும். தலைவனின் நிலையும் இதற்கு அண்மையானதே. அவன் தலைவியை அக்குளிரில் தனியே விட நெஞ்சு ஒப்பாமல் தயங்குகிறான். பொருள்தேடும் கடமை அவனை விட்டு நீங்கியதாகப் பாட்டு சொல்லவில்லை.

மறுநாள் அதே குழியில் குத்துவீர்களா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. ஒருமுறை பிடுங்கிய குழி நெகிழ்ந்திருக்கும், பிடிக்காது. ஒரு சாண் தள்ளிப் புதிதாகக் குத்தவேண்டும் என்றார் மூத்தவர்.